ஒரு பிள்ளை, இரண்டு நாடு, ஒரு கடப்பிதழ்: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு

"ஐயா, இவனுக்கு எந்த ஊரு பாஸ்போர்ட் எடுக்கிறது?"

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இது. பிள்ளைக்குப் பத்து மாதம். வலது கன்னத்தில் ஒரு வெள்ளிக் காசு அகலத்துக்குத் திருஷ்டிப் பொட்டு. பின்னால் கணவர், அவருக்குப் பின்னால் கணவரின் அம்மா. மூவர் முகத்திலும் மூன்று விடை இருந்தது.

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலைகளில் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து பாரம் எழுதிக்கொடுப்பது என் வழக்கம். முப்பது வருடம் தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) வேலை பார்த்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு வேறு என்ன தெரியும்? பெரும்பாலும் பிறப்புப் பத்திரம், ஐசி என்கிற அடையாள அட்டை, இபிஎப் என்கிற சேமநிதி. கடப்பிதழ் பாரம் அபூர்வம். தாய் ஒரு நாடு, தகப்பன் ஒரு நாடு என்று இருக்கும் பிள்ளையின் கடப்பிதழ் அதனினும் அபூர்வமாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. தோட்டத்துப் பையன்களுக்குப் பெண் சிவகங்கையிலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வருகிறது. பக்கத்து லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் வருகிறது. அதனால்தான் இந்த ஒரு குடும்பத்தின் கதையை முழுதாக எழுதிவைக்கிறேன். அவர்கள் சம்மதத்தோடுதான், பெயர்கள் மட்டும் இருக்காது.

கணவர் செம்பனைக் குலை லாரி ஓட்டுகிறார். இங்கேயே பிறந்தவர், நீல ஐசி, அதாவது மலேசியக் குடிமகன். மனைவி சிவகங்கை மாவட்டத்துக்காரர், இந்தியக் கடப்பிதழ். கணவனோடு தங்குவதற்கான நீண்டகாலச் சமூக வருகை பாஸ் அதில் ஒட்டியிருக்கிறது. பிள்ளை ஈப்போவில் பிறந்தது. ஊரில் மனைவியின் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு. பேரனைப் பார்க்காமல் கண் மூடிவிடுவோமோ என்று தினமும் வீடியோவில் அழுகிறார். ஆகவே சிவகங்கை போக வேண்டும், அதற்குக் கடப்பிதழ் வேண்டும். சின்ன வேலைதான். ஆனால் அதற்குள் ஓர் ஏஜெண்ட் புகுந்துவிட்டார்.

ஏஜெண்ட் சொன்ன கணக்கு

"ரெண்டும் எடுத்துருங்க. மொதல்ல இந்தியா, அப்புறம் மலேசியா. அங்க போறப்ப அது, இங்க வர்றப்ப இது. யாரு பார்க்கப் போறா?" இதற்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்டிருக்கிறார், 500 முன்பணமும் வாங்கிவிட்டார். (அந்த 500 திரும்பவே இல்லை. கதையின் அந்தப் பகுதியை இத்தோடு விட்டுவிடுகிறேன்.)

அந்தப் பெண்ணுக்கு இந்த யோசனை பிடித்திருந்தது. பேராசை ஒன்றுமில்லை. "நான் ஒரு வரிசை, என் வயித்துல பொறந்தது ஒரு வரிசையா, ஐயா?" என்று கேட்டார். திருச்சி விமான நிலையத்தில் பிள்ளையோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடையாது.

மாமியாருக்கோ ஏஜெண்ட் பேச்சைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. "கிராணி, எம்பேரனோட நீல ஐசிக்கு ஒண்ணும் ஆவாதே?" இதையே மூன்று தடவை கேட்டார். ஏன் என்று எனக்குத் தெரியும். அவருடைய பெரியண்ணன் சிவப்பு ஐசிக்காரர், அதாவது இங்கே தங்கலாம், குடிமகன் அல்ல. குடியுரிமை மனு போட வேண்டிய காலத்தில், "நமக்கெதுக்கு தாளு, பாலை வெட்டுவோம், சம்பளத்தை வாங்குவோம்" என்று இருந்துவிட்டார். 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது அந்த மாதிரி ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். பெரியண்ணனும் பினாங்கில் ரஜூலா கப்பல் ஏறினார். அண்ணி, இரண்டு பிள்ளைகள், ஒரு தகரப் பெட்டி. அதற்குப் பிறகு அண்ணனை அவர் பார்க்கவில்லை. ஒரு அட்டையின் நிறம் ஒரு குடும்பத்தை இரண்டாகக் கிழித்ததைக் கண்ணால் பார்த்தவர் கேட்கிற கேள்வி அது. எளிதில் சமாதானம் சொல்லிவிட முடியாது.

முதலில் கல்யாணத் தாள்

கடப்பிதழைப் பற்றி நான் பேசவே இல்லை. "கல்யாணத்தைப் பதிஞ்ச தாளைக் காட்டுங்க" என்றேன். மூவருக்கும் கொஞ்சம் ஏமாற்றம்.

நம் மக்களில் பாதிப்பேர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்துக்கு இங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. ஐயர் வந்து, அம்மி மிதித்து, ஐந்நூறு பேர் அட்சதை போட்டாலும், பதிவு இல்லையென்றால் அரசாங்கத்தின் கண்ணில் அது கல்யாணமே இல்லை. தாய் தகப்பன் இருவரும் மலேசியர் என்றால் இதனால் பிள்ளையின் குடியுரிமை போகாது. தாய் வெளிநாட்டவர் என்றால் போய்விடும். அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது: சட்டப்படியான திருமணத்தில் பிறக்காத பிள்ளைக்கு, "தகப்பன்" என்று வரும் இடத்தையெல்லாம் "தாய்" என்று வாசிக்க வேண்டும். அதாவது, தகப்பன் மலேசியராக இருந்தும், பிள்ளை பிறந்தது ஈப்போவிலேயே ஆனாலும், தாயின் நிலைதான் பிள்ளைக்கு.

இந்தக் குடும்பம் அதில் தப்பித்தது. கல்யாணம் பெண் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் நடந்தது. அதே வாரம் அங்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தார்கள். ஊர் திரும்பியதும் ஆறு மாத கெடுவுக்குள் இங்கே தேசியப் பதிவு இலாகாவிலும் பதிந்துவிட்டார்கள். வெளிநாட்டில் மணம் முடித்த மலேசியர் அப்படிச் செய்ய வேண்டும் என்பது அதே சட்டத்தில் இருக்கிறது. "நீங்க எப்படி இவ்வளவு ஒழுங்கா?" என்று கேட்டேன். லாரிக்காரத் தம்பி சிரித்தார். "எங்க அண்ணிதான் மாமா. பதியலைன்னா வீட்டுக்குள்ள விடமாட்டேன்னு நின்னுட்டாங்க."

அண்ணி அப்படி நின்றதற்கும் காரணம் உண்டு. அவர்கள் லயத்திலேயே கடைசி வீட்டில் ஒரு சிறுமி இருக்கிறாள், ஒன்பது வயது. அப்பா தமிழர், இந்த ஊர்க்காரர். அம்மா சுமத்ராவிலிருந்து வந்தவர். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை மாற்றினார்கள், பதியவில்லை. பெண்ணின் பெர்மிட் அப்போது முடிந்திருந்ததால் பதியப் பயந்தார்கள். சிறுமியின் பிறப்புப் பத்திரம் சிவப்பு நிறம். குடியுரிமை என்ற இடத்தில் "புக்கான் வார்காநெகாரா" என்றிருக்கிறது, குடிமகள் அல்ல. மைகிட் என்கிற பிள்ளைகள் அடையாள அட்டையும் கிடையாது. பிறகு கல்யாணத்தைப் பதிந்தார்கள், பயன் இல்லை. பிறந்த அன்று நிலை என்னவோ அதைத்தான் இலாகா பார்க்கிறது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமை கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். நான் எழுதிக்கொடுத்த மனுதான். அந்தக் கோப்பை எடுக்கும்போதெல்லாம் என் கை கனக்கும்.

இந்தப் பிள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறந்த 60 நாளுக்குள் பதிந்திருக்கிறார்கள். பத்திரத்தில் "வார்காநெகாரா", கையில் இளஞ்சிவப்பு மைகிட். ஆக, மலேசியக் குடியுரிமைக்கு எங்கும் மனுப் போட வேண்டியதில்லை. சட்டத்தின் இயல்பிலேயே வந்துவிட்டது. மாமியாரிடம் இதைச் சொன்னபோது முதல் தடவையாக உட்கார்ந்தார். அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

இந்தியக் கதவு: இரண்டு மாதம் பாக்கி

ஏஜெண்ட் பேசியதில் ஒன்று மட்டும் உண்மை: இந்தியக் குடியுரிமைக்கும் பிள்ளைக்கு வழி உண்டு. ஆனால் அது தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும்.

இந்தியாவின் 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் 4-வது பிரிவு. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தாய் தகப்பனில் ஒருவர் இந்தியராக இருந்தால், பிறந்த ஒரு வருடத்துக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து இந்தியக் குடிமகனாக்கலாம். ஒரு வருடம் தாண்டினால் டெல்லியின் அனுமதி வேண்டும். நம் பிள்ளைக்குப் பத்து மாதம்; இன்னும் இரண்டு மாதம் இருந்தது. "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஏஜெண்ட் நெருக்கியது இதனால்தான்.

பதியும்போது பெற்றோர் ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும்: இந்தப் பிள்ளையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை. வாசகத்தைக் கவனியுங்கள். வேறு நாட்டுக் குடியுரிமை இல்லை என்று கேட்கவில்லை. கடப்பிதழ் இல்லை என்றுதான் கேட்கிறார்கள். பிள்ளை இன்னொரு நாட்டின் குடியாகவும் இருக்கக்கூடும் என்பது அந்தச் சட்டத்துக்கே தெரியும். தெரிந்துதான் அதே பிரிவில் அடுத்து ஒன்று சொல்கிறது: அப்படி இருந்தால், 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும்.

சரி, 18-ல் மலேசியக் குடியுரிமையைத் துறந்துவிடலாம் என்று நினைப்போம். முடியாது. மலேசிய அரசியலமைப்பின் 23-வது பிரிவு துறப்பதற்கு 21 வயது கேட்கிறது. பதினெட்டரை வயதில் "விடு" என்கிறது ஒரு நாடு. 21 வரை "விடமாட்டேன்" என்கிறது மற்றது. இரண்டு சட்டத்தையும் எழுதியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த இரண்டரை வருட இடுக்கில் மாட்டுகிற பையனுக்கு எது போகும்? இந்தியக் குடியுரிமைதான் போகும், தானாகவே. அப்படியென்றால், இந்த அம்மா இன்று ஓடி ஓடிப் பதிந்து வாங்கப்போவது, மலேசியாவில் வளர்கிற பையனைப் பொறுத்தவரை, பதினெட்டரை வருடத்துக்கான ஒரு தவணைப் பொருள்.

இதை வரைந்து காட்டினேன். ஒரு கோடு, அதில் 18, 18½, 21 என்று மூன்று புள்ளி. அந்தப் பெண் அந்தத் தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பி.காம் படித்தவர், சொன்னது உடனே பிடிபட்டது. லாரிக்காரத் தம்பிக்குத்தான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"யாரு பார்க்கப் போறா?"

இரண்டையும் எடுத்தால் என்ன ஆகும்? மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த இடத்தில் எப்படி ஏற்பதில்லை என்று சொல்ல மாட்டார்கள். மலேசிய அரசியலமைப்பின் 24-வது பிரிவில் இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி வாங்கினால், அல்லது வேறு நாடு தன் குடிமக்களுக்கு மட்டுமே தரும் உரிமையைத் தானாக விரும்பி அனுபவித்தால், அரசாங்கம் ஆணையிட்டு மலேசியக் குடியுரிமையைப் பறிக்கலாம். அந்த உரிமை எது என்பதையும் பிரிவே சொல்லிவிடுகிறது: வேறு நாட்டிடம் கடப்பிதழ் கேட்டு மனுப் போடுவது, புதுப்பிப்பது, அதை வைத்துப் பயணம் செய்வது. இவை ஒவ்வொன்றும் அதில் அடக்கம்.

"பறிக்கலாம்" என்பதும் "பறிபோய்விடும்" என்பதும் ஒன்றல்ல. பறிப்பதற்கு ஆணை வேண்டும், முன்னறிவிப்பு வேண்டும். பத்து மாதப் பிள்ளை "தானாக விரும்பி" என்ன செய்தது என்று வக்கீல் வாதாடலாம். வாதாடட்டும். அதற்கு இந்தப் பிள்ளையை நான் ஏன் வைத்துப் பார்க்க வேண்டும்?

சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் பாருங்கள். இந்தியக் கடப்பிதழில் பிள்ளை கேஎல்ஐஏவை (கோலாலம்பூர் விமான நிலையத்தை) விட்டுக் கிளம்ப வேண்டுமென்றால், அந்தக் கடப்பிதழில் மலேசியாவுக்குள் வந்த முத்திரை எங்கே, தங்கும் பாஸ் எங்கே என்ற கேள்வி வரும். இரண்டுமே இருக்காது; பிள்ளை வரவில்லை, இங்கே பிறந்தது. மலேசியக் கடப்பிதழில் கிளம்பி இந்தியக் கடப்பிதழில் திருச்சியில் இறங்கினால், ஏறிய இடத்தில் ஒரு கடப்பிதழ் எண், இறங்கும் இடத்தில் வேறு எண். ஏஜெண்ட் "யாரு பார்க்கப் போறா" என்றார். விமான நிலையத்தில் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரின் வேலையே அதைப் பார்ப்பதுதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெண் கேட்ட கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. "அப்ப எங்கப்பா நெலம் இவனுக்கு வராதா, ஐயா?" வானம் பார்த்த பூமி, மூன்று ஏக்கர். வரிசை, வரிசை என்று பேசியதற்கு அடியில் இதுவும் இருந்திருக்கிறது. அதில் தப்பில்லை.

அதற்குத்தான் ஓசிஐ அட்டை, அதாவது "வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன்" அட்டை. தாயோ தகப்பனோ இந்தியக் குடியாக இருந்தால், வெளிநாட்டுக் குடியான பிள்ளைக்கு அது கிடைக்கும். பெயரில் குடிமகன் என்று வந்தாலும் அது குடியுரிமை அல்ல. ஆயுளுக்கும் விசா என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டு இல்லை. விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. ஆனால் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. மலேசியா அதை இன்னொரு நாட்டுக் கடப்பிதழாகப் பார்ப்பதில்லை, ஏனென்றால் அது கடப்பிதழே இல்லை. ஆனால் ஒருவர் இந்தியக் குடிமகனாகவும் ஓசிஐ அட்டைக்காரராகவும் இருக்க முடியாது. ஆகவே அந்த ஒரு வருடத்துக்குள் தூதரகத்தில் பதிந்திருந்தால் இந்தக் கதவு அடைபட்டிருக்கும். சும்மா இருந்ததே நல்லதாகப் போனது.

முடிவு அங்கேயே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு வாரம் ஆனது. இடையில் சிவகங்கையிலிருந்து மாமனார் என்னோடு பேசினார். "எம்பேரன் இந்தியாவுக்கு விசா வாங்கிட்டா வரணும்?" என்று தழுதழுத்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் தாத்தா அதே ஜில்லாவிலிருந்து ஒரு தாளும் இல்லாமல் வந்தவர்.

கடைசியில்: மலேசியக் கடப்பிதழ், இப்போதைக்கு இந்திய இ-விசா, சாவகாசமாக ஓசிஐ.

ஒரு எழுத்து

ஓசிஐக்கு வேண்டிய தாள்களை முன்கூட்டியே சரிபார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. தாயின் பெயர் "லெட்சுமி" என்று முடிகிறது. அவருடைய இந்தியக் கடப்பிதழில் ஆங்கிலத்தில் எல்-ஏ-கே-எஸ்-எச் என்று ஆரம்பிக்கிறது. பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் எல்-இ-டி-சி-எச். நம் ஊர் எழுத்து. இந்த நாட்டில் லெட்சுமி என்று இருக்கிற பாட்டி, அத்தை, அக்கா அத்தனை பேருக்கும் தோட்டத்துக் கிராணிகள் காதில் விழுந்தபடி போட்ட எழுத்து அது. என் கையாலேயே நூறு லெட்சுமிகளுக்கு அப்படிப் போட்டிருப்பேன். தகப்பன் பதிவுப் பாரத்தைப் பழக்கத்தில் அப்படி நிரப்பிவிட்டார். சரிபார்க்கச் சொல்லிக் காட்டியபோது கையெழுத்தும் போட்டுவிட்டார்.

மலேசியக் கடப்பிதழுக்கு இது தடையில்லை; பிள்ளையின் உரிமை தகப்பன் வழியாக வருகிறது, தகப்பன் பெயர் சரியாக இருக்கிறது. ஆனால் ஓசிஐ முழுக்கத் தாய் வழி. அங்கே "இவள்தான் அவள்" என்று காட்ட வேண்டும். சத்தியப் பிரமாணம் செய்து, தாயின் கடப்பிதழ் நகலை வைத்து, இலாகாவில் திருத்தத்துக்கு மனுப் போட்டோம். சில வாரம் எடுத்தது. பிள்ளைக்குக் கடப்பிதழ் எடுத்த பிறகு திருத்தலாம் என்றார் தம்பி. வேண்டாம் என்றேன். தாள் திருந்தட்டும், அதன் பிறகு கடப்பிதழ். ஒன்றின் மேல் ஒன்றாகத் தவறை அடுக்கினால் பிறகு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

"ஏ/எல்" என்ற சங்கதியும் உண்டு. நம் ஆண்பிள்ளைகளின் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் "அனாக் லெலாக்கி" (மலாயில் மகன்) என்பதன் சுருக்கம் கோட்டோடு நிற்கும். விமான டிக்கெட்டு எடுக்கும் இடத்தில் அந்தச் சாய்வுக்கோட்டை ஏற்காது. விசாப் பாரத்தில் குடும்பப் பெயர் எது என்று கேட்கும், நமக்கு அப்படி ஒன்று இல்லை. கடப்பிதழில் உள்ள வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு, கோட்டை மட்டும் விட்டுவிடுவது நான் செய்கிற வழி. இதுவரை யாரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

ஈப்போவில் ஒரு காலைப்பொழுது

அன்று லாரிக்கு லீவு. விடிகாலையில் கிளம்பி, குடிநுழைவு அலுவலகம் திறக்கும்போது கதவருகில் நின்றோம். நான் ஏன் போனேன்? மாமியார் வரச்சொன்னார். "கிராணி இருந்தா எனக்குத் தெம்பு" என்றார். தகப்பன், தாய், பிள்ளை, பாட்டி, நான். ஒரு பிள்ளைக்கு ஒரு படை.

கேட்டவை: பிறப்புப் பத்திரம், மைகிட், தகப்பனின் ஐசி, பிள்ளை நேரில். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் 100 ரிங்கிட், பெரியவர்களுக்கு 200. ஏஜெண்ட் கேட்ட 1,800-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படம் எடுப்பதில்தான் சுவாரசியம். தோளும் மார்பும் மூடிய, அடர்நிறச் சட்டை வேண்டும் என்பது விதி. பாட்டி பேரனுக்கு வெள்ளைச் சில்க் ஜிப்பா போட்டுக் கொண்டுவந்திருந்தார். நல்லவேளை, தாயின் பையில் ஒரு கருநீல டீசட்டை இருந்தது. மாற்றினோம். பிள்ளை நிமிர்ந்து உட்காராது. பிடிக்கிற கை படத்தில் தெரியக் கூடாது. தகப்பன் குனிந்து பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். எல்லாம் சரியானபோது அந்த மலாய்க்கார அதிகாரிப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, கன்னத்தைக் காட்டிச் சிரித்தார். "இது மச்சமா, மையா?"

திருஷ்டிப் பொட்டு. பாட்டி காலையில் வைத்தது, புதிது. அழிக்க வேண்டும்.

பாட்டிக்கு முகம் சுருங்கிவிட்டது. "ஆஸ்பத்திரில பொறந்த அன்னிலேர்ந்து இந்தப் பொட்டு இல்லாம இருந்ததில்ல." தாய் முந்தானை நுனியை நனைத்துத் துடைத்தார். மை பரவிக் கன்னம் சாம்பல் பூத்தது, இன்னும் துடைத்தார், பிள்ளை அழுதது, அழுதால் படம் ஆகாது. அதிகாரிப் பெண் எழுந்து வந்து தன் பேனாவை ஆட்டி விளையாட்டுக் காட்டினார். பிள்ளை பேனாவைப் பார்த்துக் கண்ணை விரித்த அந்த நொடியில் எடுத்துவிட்டார். கடப்பிதழில் இப்போது பையன் எதையோ பார்த்து வியந்த முகத்தோடு இருக்கிறான். வெளியே வந்ததும் பாட்டி மடியிலிருந்து மை டப்பாவை எடுத்தார்.

காப்பி குடித்துவிட்டு வந்தோம். மதியத்துக்குள் கடப்பிதழ் கையில் கிடைத்தது. ஐந்து வருடத்துக்கு. பாட்டிக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். என்றாலும் "மலேசியா" என்ற அட்டை எழுத்தின்மேல் ஒருமுறை விரலை ஓட்டிவிட்டு, மகனிடம் கொடுக்காமல் தன் சுருக்குப்பைக்குள் வைக்கப் பார்த்தார். உள்ளே போகவில்லை.

அதற்குப் பிறகு

இ-விசா வந்தது. தாயும் பிள்ளையும் திருச்சிக்குப் பறந்தார்கள். பயந்த மாதிரி வரிசை எதுவும் பிரிக்கவில்லையாம். கைக்குழந்தை என்று இருவரையும் ஒரே இடத்தில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். மாமனார் பேரனைப் பார்த்தார்; இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். திருத்திய பிறப்புப் பத்திரத்தை வைத்து ஓசிஐக்குப் போட்டு, அட்டையும் வந்துவிட்டது. பிள்ளை வளர்ந்து கடப்பிதழ் மாறும்போதெல்லாம் 20 வயது வரை புதியதை அந்த அட்டைக் கணக்கில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதைத் தனியாக எழுதி அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் ஒட்டிவைத்தேன்.

இதே கதை தலைகீழாக, அதாவது தாய் மலேசியர், தகப்பன் வெளிநாட்டவர், பிள்ளை வெளிநாட்டில் பிறந்தது என்று இருந்தால், நான் எழுதியதில் பாதி பொருந்தாது. அரசியலமைப்பில் இருந்தது "தகப்பன்" என்ற சொல். அதை எதிர்த்துத் தாய்மார்கள் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். 2024 அக்டோபரில் மக்களவை அந்தச் சொல்லையே மாற்றும் திருத்தத்தை நிறைவேற்றியது. அது தனி ஆய்வுக்குரிய விஷயம்.

இந்தக் கோப்பை மூடிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். போன சனிக்கிழமை அந்தப் பெண் மறுபடி வந்தார். இந்த முறை தனியாக. பையன் இப்போது நடக்கிறான். மண்டபத் தூணைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"ஐயா, நாலாம் மாசம்."

வாழ்த்தினேன்.

"தலைப்பிரசவம்தான் இங்க ஆயிடுச்சு. இதையாவது அம்மா வீட்டுல பெத்துக்கலாம்னு இருக்கேன். ஏதும் வில்லங்கம் உண்டா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். வில்லங்கம் என்று இல்லை. ஆனால் கணக்கு முழுக்க மாறிப்போகும். முதல் பிள்ளைக்கு இந்தியக் குடியுரிமை கேட்டால்தான் வரும் என்றிருந்தது. சிவகங்கையில் பிறக்கிற பிள்ளைக்குக் கேட்க வேண்டியதே இல்லை: இந்திய மண், தாய் இந்தியர், தகப்பன் கள்ளத்தனமாகக் குடியேறியவர் அல்ல, சட்டத்தின் 3-வது பிரிவுப்படி பிறந்த அன்றே இந்தியர். அதே மூச்சில், தகப்பன் மலேசியாவில் பிறந்த மலேசியர் என்பதால் மலேசியக் குடியும் ஆகும். யாரும் விரும்பி வாங்காத இரண்டு குடியுரிமை, பிறவியிலேயே. பிறகு சென்னையிலுள்ள மலேசியத் துணைத் தூதரகத்தில் ஒரு வருடத்துக்குள் பதிய வேண்டும். மலேசியக் கடப்பிதழோடு கிளம்பும்போது, இந்தியாவுக்குள் வந்த முத்திரையே இல்லாத பிள்ளை எப்படி வெளியேறுகிறது என்ற கேள்விக்கு அங்கே பதில் தேட வேண்டும். கேஎல்ஐஏவை வைத்து ஏஜெண்ட் யோசனைக்கு நான் எழுப்பிய அதே கேள்வி, இப்போது திருச்சியில், மறுபக்கத்திலிருந்து.

கோடு போட்டுக் காட்டத் தாள் எடுத்தேன். அதற்குள் அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். 18, 18½, 21. நான் அன்று வரைந்தது. மடிப்பில் கிழிய ஆரம்பித்திருந்தது.

"இதுக்குக் கீழயே போடுங்க ஐயா. ரெண்டாவது கோடு."

மாமியார் இங்கேயே பெறட்டும் என்கிறார். சிவகங்கையில் அம்மா வளைகாப்புக்கு நாள் பார்த்துவிட்டார். தம்பி லாரியை ஓட்டிக்கொண்டு யார் பக்கமும் பேசாமல் இருக்கிறார். வருகிற சனிக்கிழமை எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சிவகங்கைப் பாட்டி வாட்சப்பில் வருவாராம். மண்டபத்தில் லைன் சரியாகக் கிடைக்காது. மேசையை வாசலுக்கு நகர்த்திப் போடச் சொல்ல வேண்டும்.